விண்மீன் தெரியும் கூரை

கோட்டை கட்டியவன் வரலாறு கல்லில் நிற்கிறது. குடில் கட்டியவன் வரலாறு காற்றோடு போகிறது என்பர். பாளையங்கோட்டையில் வாழும் நாம் இதனை அப்படியே ஏற்பதற்கில்லை. நம் ஊரின் பெயரிலேயே கோட்டை இருக்கிறது. ஆனால் கோட்டை எங்கே? சுவரின் எச்சங்கள் சிலவே இன்று எஞ்சி நிற்கின்றன. அந்தக் கோட்டை எழுவதற்கு முன்பே இப்பகுதியில் மூங்கிற்கால் நட்டு, ஓலை வேய்ந்து, விருந்தினரை அமர்த்திய பந்தலோ இன்னும் சாகவில்லை. துணிப் பந்தலும் தகரப் பந்தலும் பெருகிவிட்ட இந்நாளிலும், வாசலில் நான்கு கால் நட்டு ஓலை பரப்பும் பழக்கம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. கல் வீழ்ந்தது, ஓலை வாழ்கிறது. இது வியப்பன்றோ!

ஒரு வாரம் நின்று மறையும் கூரையையே விழாவாகக் கொண்ட மக்கள் உலகில் உண்டு. அவர்கள் யூதர். அவ்விழாவைக் கருவாகக் கொண்டு இக்காலக் கலைஞர் படைத்த குடில்கள், 2010-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகர நடுவே எழுந்து உலகின் கண்களைக் கவர்ந்தன. அவற்றின் வரலாற்றை அறிவது நமக்குப் பொழுதுபோக்கு ஆகாது. கூரை யாருக்கு, கூரையின் கீழ் யார் என்ற கேள்வியை அக்கலை எழுப்பிற்று. அக்கேள்வி பொருநைக் கரையிலும் விடை தேடி நிற்கிறது.

அடிமை நீங்கியோர் விழா

எகிப்திய மன்னனிடம் அடிமைப்பட்டுக் கிடந்த தம் முன்னோர் விடுதலை பெற்றபின் நாற்பது ஆண்டு பாலையிலே அலைந்தனர் என்றும், அந்நாளில் குடில்களில் தங்கினர் என்றும் யூதர் நூல்கள் கூறுகின்றன. அதனை நினைவூட்டும் விழாவே சுக்கோத்து. தமிழ் விவிலியம் இதனைக் கூடாரப் பண்டிகை என்று வழங்கும். உழவர் விளைச்சலை வீடு சேர்க்கும் காலத்து அறுவடை விழாவும் இதுவே. நம் புரட்டாசி, ஐப்பசித் திங்கள்களையொட்டி இது வரும். ஏழு நாளும் வீட்டுக்கு வெளியே ஒரு குடில் அமைத்து, அதிலேயே உண்பர், இயன்றவர் உறங்குவர். குடிலின் பெயர் சுக்கா.

அக்குடிலுக்கு அவர்கள் வகுத்த விதிகள் சுவையானவை. சுவர் எதனாலும் ஆகலாம். யானையைக் கட்டி நிறுத்தி அதனையே ஒரு சுவராகக் கொள்ளலாமா என்றுகூடப் பழம் புலவர்கள் வாதிட்டனர். யானையைக் கட்டியிருந்தால் கொள்ளலாம் என்ற முடிவும் அவ்வாதத்தில் உண்டு! உயரம் இருபது முழத்துக்கு மேற்படலாகாது. கூரை மட்டும் மண்ணில் முளைத்துப் பின் வெட்டப்பெற்ற தழையாலும் கழியாலும் ஓலையாலுமே ஆகவேண்டும். ஓடு வேயலாகாது, தகரம் பரப்பலாகாது. வெயிலினும் நிழல் மிகுந்திருக்கவேண்டும்; ஆயினும் இரவில் அண்ணாந்து பார்த்தால் விண்மீன் தெரிதல் நன்று என்பர்.

எத்துணை ஆழ்ந்த கருத்து! மாளிகை வாழ்வினனும் ஏழு நாள் ஒழுகும் கூரையின்கீழ் அமரவேண்டும். அவன் செல்வம் அவன் தலைக்கும் விண்மீனுக்கும் இடையே நிற்கலாகாது. அதனினும் மேலான விதி ஒன்றுண்டு. அவ்விழாவின் மகிழ்ச்சியில் பணியாளும் அயல்நாட்டானும் தாய்தந்தையற்றோரும் கைம்பெண்ணும் பங்கு பெறவேண்டும் என்று அவர்கள் மறைநூல் பணிக்கிறது. விருந்தினரை அழைப்பது அவ்விழாவின் மரபு. ஆகவே சுக்கா மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பாக எழுந்த கூரை மட்டுமன்று. அடுத்தவனை உள்ளே அழைப்பதற்காக எழுந்த கூரை.

கலைஞர் கைப்பட்ட குடில்

இக்குடிலைக் கலைஞர் கைகள் தொட்டது இன்று நேற்று அன்று. செருமனியின் பவேரியப் பகுதியில் ஃபிஷாக் என்னும் சிற்றூரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், யூதக் குடும்பம் ஒன்று மரப்பலகைகளால் தன் குடிலை அமைத்து, உட்புறம் முழுதும் ஓவியம் தீட்டி வைத்தது. தாம் வாழ்ந்த சிற்றூரும், தாம் கனவு கண்ட எருசலேமும் அப்பலகைகளிலே காட்சி தருகின்றன. ஆண்டுக்கு ஏழு நாள் விரிந்து, எஞ்சிய நாளெல்லாம் அடுக்கிக் கிடந்த ஓவியம் அது. இட்லரின் கொடுங்கோன்மை சூழ்ந்தபோது, 1937-இல், அப்பலகைகளை மறைத்து நாட்டைவிட்டுக் கடத்திக் கொணர்ந்தனர். இன்று எருசலேமில் இசுரேல் அருங்காட்சியகத்தில் அக்குடில் நிற்கிறது. கல்லாற் கட்டிய தொழுகையிடங்கள் பல 1938-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரே இரவில் தீக்கிரையாயின. கழற்றி எடுத்துச் செல்லத்தக்க குடிலோ பிழைத்தது. அசையாச் சொத்தே அழியாச் சொத்து என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

இனி, 2010-க்கு வருவோம். எழுத்தாளர் சோசுவா ஃபோயரும் ரோசர் பென்னட்டும் ஒரு போட்டியை அறிவித்தனர். பழைய விதிகளை மீறாமல் புதிய சுக்காவைப் படைத்துக் காட்டுக என்பதே அழைப்பு. 43 நாடுகளிலிருந்து 600-க்கு மேற்பட்ட வரைவுகள் வந்து குவிந்தன. அவற்றுள் பன்னிரண்டைத் தேர்ந்து, செப்டம்பர் 19, 20 ஆகிய இரு நாளும் நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் எழுப்பிக் காட்டினர். சுக்கா நகரம் என்பது அக்காட்சியின் பெயர். மக்கள் வாக்களித்தனர். ஒட்டுப்பலகையாற் சமைத்து, மூன்றாகப் பிளந்து வைத்த உருண்டை ஒன்றின்மேல் சதுப்பு நிலத்து நாணலைக் கயிற்றாற் கட்டிப் பரப்பிய குடில் வென்றது. உடைந்த குமிழி என்று அதற்குப் பெயர். என்றி கிராசுமன், பாபக் பிரையன் என்னும் இருவர் அதன் ஆசிரியர். விழா நாள் முழுதும் அது அச்சதுக்கத்தில் நின்றது. கண்ணாடிச் சுவர்களின்மீது பெருமரத் துண்டொன்றைத் தூக்கி நிறுத்திய குடிலும் அங்கே இருந்தது. மெலிந்த சுவர்மேல் கனத்த கூரை! கண்டோர் நெஞ்சில் அச்சமும் வியப்பும் ஒருங்கே எழுந்திருக்கும்.

எனினும் நம் நெஞ்சைத் தைப்பது வேறொரு குடில். ரொனால்டு ரயேல், வர்சீனியா சான் பிரட்டெல்லோ என்னும் இருவர் அதனைப் படைத்தனர். அமெரிக்க நகரத் தெருக்களிலே வீடற்றோர், தம் நிலையை அட்டையில் எழுதிக் கையில் ஏந்தி நிற்பது வழக்கம். பசி, வேலையின்மை, நோய், போரில் பெற்ற ஊனம் முதலியவை அவ்வட்டைகளிலே பேசும். அவ்வட்டைகளை அவர்களிடமிருந்தே விலைகொடுத்து வாங்கி, அவற்றையே சுவராக அடுக்கிக் குடில் ஆக்கினர் இவ்விருவரும். அறிவிப்புகளின் சுக்கா என்று அதனை அழைத்தனர்.

வீடில்லாதவன் எழுத்தே வீட்டின் சுவராகி நின்றது. நாள்தோறும் அவ்வட்டைகளைப் பாராததுபோற் கடந்து சென்றவர், அன்று வரிசையில் நின்று அவற்றைப் படித்தனர். தெருவில் நின்றபோது காணப்படாதவை, கூரையின்கீழ் வந்தபோது கண்ணில் பட்டன. அக்குடில்கள் ஏலம் விடப்பட்டு, வீடற்ற நோயாளர்க்குத் துணைநிற்கும் அமைப்பு ஒன்றுக்கு அப்பணம் சென்றது. அடிமை நீங்கிய மக்களின் நினைவு விழா, இன்னும் நிழல் பெறாத மக்களின் குரலாயிற்று. கலை செய்யவேண்டிய பணி இதுவன்றோ? பழைய விழாவின் உடலைப் போற்றி உயிரை மறப்போர் பலர்; அவ்விருவர் உயிரைத் தேடிச் சென்றனர்.

அண்டை நாட்டுப் பாடம்

இவ்விழா கடல் கடந்த செய்தி மட்டுமன்று. மலையை ஏறி இறங்கினால் மலையாள நாடு. அங்கே கொச்சியில் நூற்றாண்டுக் கணக்காக யூதர் வாழ்ந்தனர். தென்னங்கிடுகால் அவர்கள் சுக்கா வேய்ந்தனர். விழா முடிவில், தொழுகைக் கூடத்தில் பட்டும் சரிகையும் போர்த்த தற்காலிகப் பேழை ஒன்றை அமைத்து, மறைச்சுருள்களை அதில் எழுந்தருளச் செய்து, விளக்கு அடுக்கு ஏற்றி, வெளியே சுற்றிவந்து, பின் அப்பேழையைக் கலைத்துவிடுவர். பிற நாட்டு யூதரிடம் இம்முறை காண்பதரிது. நம் நாட்டுத் திருவிழாவின் சாயல் அதில் படிந்திருப்பதை அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

சாயல் படிந்தது விழாவில் மட்டுந்தானா? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன், சேர மன்னன் பாற்கர இரவி, யூதர் தலைவன் இசுப்பு இரப்பானுக்குச் செப்பேடு வழங்கினான். வட்டெழுத்தில் பொறித்த அச்செப்பேட்டில், பகல் விளக்கு, பாவாடை, குடை முதலியவற்றோடு தோரணமும் தோரண விதானமும் அவனுக்கு உரிமையாக்கப்படுகின்றன. ஊன்றிப் பாருங்கள்! தோரணம் கட்டவும் விதானம் விரிக்கவும் மன்னன் செப்பேடு வேண்டியிருந்தது. ஆயின், செப்பேடு பெறாதார் நிலை என்ன? நிழலுக்கும் உரிமம் வேண்டிய நாடு இது!

அவ்வுரிம நாட்டில் வாழ்ந்த யூதரும் உரிமத்தைத் தம்முள் பிரித்துக்கொண்டனர். வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்ற பிரிவு எழுந்தது. மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசித் தொழுகைக் கூடத்தில், முன்னாள் அடிமைகளின் வழிவந்தோர் என்று கருதப்பட்டோர் பிறரோடு சமமாக இருக்கையில் அமர முடியாது. முன்கூடத்துத் தரையில் அமரவேண்டும். அவரோடு மணவுறவும் இல்லை. அடிமைத்தளை நீங்கியதை ஆண்டுதோறும் குடிலமைத்துக் கொண்டாடிய மக்கள், தளை நீங்கியவன் மகனைத் தரையில் அமர்த்தினர்! அவர்களை மட்டும் பழிப்பது நீதியாகாது. சாதி மண்ணில் வேரூன்றிய எச்சமயமும் அதன் கறை படாமல் தப்பவில்லை.

அக்கறையைத் துடைக்க ஒருவர் எழுந்தார். 1882-இல் பிறந்த ஏ. பி. சேலம் அப்பிரிவில் தோன்றி, சட்டம் பயின்று, கொச்சிச் சட்டமன்றத்திலும் அமர்ந்தவர். காந்தியாரின் அறப்போர் முறையைத் தொழுகைக் கூடத்துக்குள்ளேயே கையாண்டு, சம இருக்கை கேட்டுப் போராடினார். படிப்படியே கதவு திறந்தது. 1967-இல் அவர் மறைந்தார். அதற்குள் கொச்சி யூதரிற் பெரும்பாலோர் இசுரேல் சென்றுவிட்டனர். இன்று அத்தெருவிலே கடைகளும் காண வருவோர் கூட்டமும் உண்டு. குடில் கட்டும் குடும்பம் காண்பதரிது. கூரையின்கீழ் எல்லோர்க்கும் இடம் என்ற அறிவு வந்தபோது, அமர்வதற்கு ஆள் இல்லை. காலம் கடந்த நீதிக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பந்தலுக்கும் சாதி

கொச்சியைச் சொல்லி நாம் தப்பிக்கொள்ள முடியாது. நம் பந்தலின் வரலாறும் அத்தகையதே. வலங்கை, இடங்கை என்று தமிழர் பிளவுண்டு அடித்துக்கொண்ட காலத்தில், மணப்பந்தலின் கால்களையும் எண்ணினர். வலங்கையார் பந்தலுக்குப் பன்னிரண்டு கால், இடங்கையார்க்குப் பதினொன்று. ஒரு கால் கூடினால் ஊரே கலகத்தில் ஆழும். ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகளில் இச்செய்தியைக் காண்கிறோம். ஒரு மூங்கிற் கழிக்காக மண்டை உடைத்துக்கொண்ட வீரம்!

வீட்டுச் சுவருக்கும் இதே கதி. கொங்கு நாட்டுக் கம்மாளர்க்கு மன்னன் அளித்த உரிமைகளைக் கூறும் சோழர் காலத்துக் கல்வெட்டு கருவூரில் உள்ளது. நன்மைக்கும் தீமைக்கும் இரட்டைச் சங்கு ஊதலாம், செருப்புப் போடலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்பன அவ்வுரிமைகள். ஊரார்க்குக் கோயிலும் வீடும் கட்டிக்கொடுத்த கைகள், தம் சுவருக்குச் சாந்து பூச அரசாணை பெறவேண்டியிருந்தது.

சமயம் மாறினால் சுவர் மாறுமோ? நம் மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தைப் பாருங்கள். பீடம் ஒன்று, அதனை நோக்கிய கூடங்கள் இரண்டு. வேளாளர் ஒருபால், நாடார் ஒருபால். நடுவே தடுப்பு. 1910-இல் அத்தடுப்பு இடிக்கப்பட்டது. அதன்பின்னும் வழக்கு மன்றம்வரை சென்றனர். கல்லால் கட்டியதால் பிரிவினையும் கல்லாயிற்று.

காரையாற்றுக் குடில்கள்

இத்துணைப் பிரிவினைக்கு இடையே, பொருநை பிறந்து வரும் மலையில் குடில் விழா ஒன்று உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றில், சொரிமுத்து அய்யனார் கோயில் உள்ளது. ஆடி அமாவாசையையொட்டி மக்கள் குடும்பத்தோடு மலையேறி, ஆற்றங்கரை மரங்களின்கீழ்த் தற்காலிகக் குடில் அமைத்துத் தங்குவர், சமைப்பர், உண்பர், உறங்குவர். அவ்விடம் புலிகள் காப்பகக் காட்டுக்குள் இருத்தலின், நெகிழிக் குப்பை பெருகவே, வனத்துறை அண்மை ஆண்டுகளில் தங்கும் நாளையும் ஊர்திகளையும் வரையறுத்துள்ளது. காட்டைக் காப்பது கடமையே. ஓலைக் குடில் மண்ணோடு மட்கும்; நெகிழித் தாள் மட்குமோ? மண்ணில் முளைத்ததே கூரையாக வேண்டும் என்ற அப்பழைய விதியின் அருமை இங்கே விளங்குகிறது.

வழிபாட்டை வழிபடுவோர்க்கு விடுவோம். அங்கே உறையும் வரலாற்றைப் பார்ப்போம். அக்கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகத் தருவர். காலில் கிடப்பது கோயிலில் ஏன் தொங்குகிறது? முத்துப்பட்டன் கதை விடை கூறும். பார்ப்பனக் குடியில் தோன்றிய முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குடியிற் பிறந்த பொம்மக்கா, திம்மக்கா என்னும் மங்கையரைக் காதலித்தான். பூணூலைக் களைந்தால், குடுமியைக் களைந்தால், செருப்புத் தைத்தால் பெண் தருவேன் என்றான் தந்தை. அனைத்தும் செய்து வந்தான் பட்டன். பின்னர் ஆநிரை காக்கும் போரில் வீழ்ந்தான், மங்கையரும் தீப்புகுந்தனர். வில்லுப்பாட்டாய் இம்மண்ணில் வழங்கிய இக்கதையைப் பதிப்பித்து 1971-இல் அறிவுலகின்முன் வைத்தவர், நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை.

அவ்விழா நாளில் சிங்கம்பட்டி சமீன்தார் அரச உடை பூண்டு மக்களுக்குக் காட்சி தருவது வழக்கமாயிருந்தது. முடிசூடிய கடைசிச் சமீன்தார் 2020-இல் மறைந்தார். அரியணை போயிற்று; ஆற்றங்கரைக் குடில்கள் இருக்கின்றன; செருப்புத் தைத்தவன் நினைவும் இருக்கிறது. ஆனால் அக்குடில்களில் தங்குவோர் அக்கதையின் பொருளை ஊருக்குத் திரும்பும்போது உடன்கொண்டு வருகின்றனரா? மலையில் அடுத்தடுத்த குடிலில் உறங்கியவர், ஊரில் அடுத்தடுத்த தெருவில் அந்நியராவது ஏன்?

கட்டவேண்டிய கயிறு

கேள்வி கடுமையானது, காரணம் உண்டு. 2023 ஆகஸ்டில், அதே நாங்குநேரியில், பட்டியல் இனத்து மாணவன் ஒருவனை அவன் பயின்ற பள்ளியின் மாணவரே வீடு புகுந்து வெட்டினர். முத்துப்பட்டனைப் பதிப்பித்தவர் பிறந்த ஊரில் இது நிகழ்ந்தது! அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. மாணவர் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறமாய்க் கட்டும் கயிறுகள் வேண்டா என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. ஆசிரியப் பணியில் உள்ள நாம் அக்கயிறுகளை நாள்தோறும் காண்கிறோம். நியூயார்க் தெருவில் அட்டை பேசியது. நம் வகுப்பறையில் கயிறு பேசுகிறது. அட்டையில் துன்பம் எழுதியிருந்தது. கயிற்றில் பகை எழுதியிருக்கிறது.

ஆணை வேண்டும், அறிக்கையும் வேண்டும். அவை கயிற்றை அறுக்கும். அறுத்த கயிற்றை என்ன செய்வது? அதனைக் கலையிடம் கேட்போம். உடைந்த குமிழியில் நாணலைத் தாங்கியது கயிறு. கயிறின்றிக் கிடுகு மூங்கிலில் நில்லாது. ஆகவே பள்ளி வெளியில் ஆண்டுக்கொரு முறை ஒரு பந்தல் எழட்டும். பனங்காட்டிலிருந்து ஓலை வரட்டும். ஆளுக்கு ஓர் ஓலை. மணிக்கட்டிலிருந்து கயிறு வரட்டும்; ஆளுக்கு ஒரு கயிறு. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமும் ஒரே மூங்கிலைச் சுற்றி முடிச்சு விழட்டும். ஓவியம் கற்றோர் அதற்கு உருவம் தரட்டும். கால்கள் பதினொன்றா பன்னிரண்டா என்று யாரும் எண்ணவேண்டா. அதன்கீழ் எல்லோரும் ஒரே பந்தியில் உண்ணட்டும். ஏழாம் நாள் பிரித்துவிடட்டும்.

ஏழு நாளில் சாதி ஒழியுமா என்று நகைப்போர் இருப்பர். ஒழியாது. ஆயினும் அடுத்தவன் தோளில் ஏறி நின்று ஓலை கட்டிய சிறுவன், அத்தோளை மறப்பது எளிதன்று. பந்தல் நிலையற்றது, உண்மை. பந்தலின்கீழ்ப் பெற்ற பழக்கம் நிலைக்கக்கூடும். கோட்டை இடிந்த ஊரில், ஓலைக்குள்ள வலிமையை நாம் அறிவோம்.

மணிக்கட்டில் கிடந்தால் அது விலங்கு; மூங்கிலில் கட்டினால் அது நிழல். கயிறு ஒன்றே. எங்கே கட்டுவது என்பதை நம் பிள்ளைகள் முடிவு செய்யட்டும். முடிச்சுப் போடக் கற்றுக்கொடுப்பது நம் கடன்.